லெட்சுமி அக்கா சொன்ன பதில்

எக்ஸ்ரே படித்தால் மேலே போக நிறைய வழி இருக்கிறது என்று சொல்லித்தான் கல்லூரியில் சேர்த்தார்கள். சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ, விரிவுரையாளர், இயந்திரக் கம்பெனி வேலை. கோலா சிலாங்கூரின் இந்தச் சின்னத் தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக நான் கண்டது, வேலை பெர்மிட்டுக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நெஞ்சை மட்டும்தான். மூச்சை இழு, பிடி, விடு. அடுத்த ஆள்.

இந்த வருடம் சிடி இயந்திரம் வாங்கினார்கள். பயிற்சிக்கு ஒருவரைத்தான் கோலாலம்பூர் அனுப்புவார்கள். “நீதான் போற, ரிஸ்வானா” என்று எங்கள் பகுதித் தலைவர் ஷாஹ்ரில் வாய்விட்டே சொல்லிவிட்டார். என் பெயரில் புகார் எதுவும் பதிவாகக் கூடாது, அவ்வளவுதான். இது கைநழுவினால் ஓய்வு பெறும்வரை நெஞ்சுப் படம்தான் கதி.

அந்த வாரம் ஈஜோக் பக்கத் தோட்டத்திலிருந்து லெட்சுமி அக்கா வந்தார். படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. வயது நாற்பதை நெருங்கியிருக்கும். சக்கர நாற்காலியைத் தள்ளிவந்த மருத்துவமனை ஊழியர் ஜீவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். படத்துக்கு முன் நிரப்ப வேண்டிய பாரத்தை எடுத்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“கடைசியா எப்பக்கா மென்ஸ் வந்துச்சு?”

அவர் ஜீவனை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “முழுகாம இருக்கேம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்ட இடுப்போடு குளிக்க முடியவில்லை, அந்தக் கூச்சம் என்று நினைத்தேன். “பரவால்லக்கா, படம் எடுக்கக் குளிச்சிட்டு வரணும்னு இல்ல லா.”

கேலி செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் சிரித்தார். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. ‘கர்ப்பமில்லை’ என்ற கட்டத்தில் நானே சரிக்குறி போட்டேன். காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். இடுப்புக்கு நான்கு படம் எடுத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது இதை வேடிக்கையாகச் சொன்னேன். என் உம்மா மெகராஜ் பேகம் சிரிக்கவில்லை.

“முழுகாம இருக்கான்னா வயித்துல புள்ள இருக்குன்னுடி அர்த்தம். ஆம்பள பக்கத்துல நின்னா வேற எப்படிச் சொல்லுவா? மலாய்ப் பள்ளிக்கூடத்துல போட்டது என் தப்பு.”

மறுநாள் காலையிலேயே நான் ஷாஹ்ரிலிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயிற்சிக்கான கடிதத்தில் கையெழுத்தாக இன்னும் பத்து நாள் இருந்தது.

எட்டாவது நாள் லெட்சுமி அக்காவுக்குக் கரு கலைந்தது. பதினொரு வருடம் காத்திருந்து உண்டான பிள்ளையாம். விழுந்ததால் இருக்கலாம், படம்தான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னை நானே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

மறுநாள் அவரும் கணவர் சிவானந்தமும் வந்தார்கள். ஷாஹ்ரில் பாரத்தை எடுத்து மேசைமேல் வைத்து என்னைக் கூப்பிட்டார். சிவானந்தம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“புள்ள இல்லன்னு இவ கையெழுத்துப் போட்டிருக்கான்னு காட்டுறாங்க. இவ உங்ககிட்ட சொன்னேங்கிறா. சொன்னாளாம்மா?”

லெட்சுமி அக்கா என்னை நம்பிக்கையோடு பார்த்தார். “நீதானம்மா பரவால்லன்ன? அவருகிட்ட சொல்லு.”

ஷாஹ்ரிலுக்குத் தமிழ் தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாபகம் இல்லக்கா,” என்றேன். “சொல்லியிருந்தா நான் படம் எடுத்திருக்கவே மாட்டேனே.” அதையே மலாயிலும் சொன்னேன். ஷாஹ்ரில் தலையாட்டிவிட்டுப் பாரத்தைக் கோப்புக்குள் வைத்து மூடினார்.

சிவானந்தம் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். லெட்சுமி அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

“அப்ப நாந்தான் சரியா சொல்லலபோல,” என்றார் கணவரிடம்.