மாடன் முறித்த கை

ஸ்ரீவிஷ்ணு என்கிற அந்த யூடியூப்காரன் என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தான். அதில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது, விறைத்து நிற்கும். விளையாட்டைப் பற்றி ஜனங்கள் பேசிக்கொள்கிற கதைகள் நிஜமா புளுகா என்று ஊர் ஊராக விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதுதான் அவன் சேனலுக்கு வேலை. எங்கள் ஊர்க் கதை அவனுக்கு அல்வா மாதிரி கிடைத்துவிட்டது. கபடியில் சுடலைக்கண்ணுவை எவனாலும் பிடிக்க முடியாதாம். எங்கள் ஊர்ச் சாமி சுடலைமாடன் அவர் உடம்பில் இறங்கித்தான் எதிரணிக்குள் பாடிப் போவாராம். பிடிக்கத் துணிந்த வன்னியராஜ் கையை மாடனே முறித்துப் போட்டாராம். அந்த வன்னியராஜ் நான்தான்.

"எண்ணெய், தம்பி" என்றேன். "மஞ்சப்பொடிய எண்ணெயில கொழச்சு மாடன் பீடத்துல அப்புவாவல்லா, மஞ்சணை? சுடலைக்கண்ணு அதத் தொடை நெறையப் பூசிட்டு வருவான். நான் பிடிச்சேன், வழுக்கிட்டு. அவன் கால்முட்டு என் வெரல் மேல எறங்கிட்டு. இதுல மாடன் எங்கன வந்தாரு?"

நன்றாகத் தலையாட்டினான். பிறகு ஊருக்குள் போய்க் கண்டவனிடமெல்லாம் கேட்டான். அந்த ஆட்டம் நடந்தபோது அவர்களில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. வீடியோவின் முடிவில் பெரிய பச்சை எழுத்தில் 'நிஜம்' என்று போட்டான். நான் பேசியதில் "மாடன்" என்ற சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் உடுக்கைச் சத்தம் வேறு சேர்த்திருந்தான். நாசமாய்ப் போகிறவன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வைப்பது என் பிழைப்பு. வீடியோ வந்ததிலிருந்து பைக்கை விட்டு இறங்குகிறவன் எல்லாம் கையைக் காட்டச் சொல்கிறான். ஒருத்தி தன் பிள்ளையிடம், "சாமிய எதுத்தா இப்படித்தான் ஆவும்" என்று என் காது கேட்கவே சொன்னாள். அவள் ஸ்கூட்டரை வெயிலில் நிறுத்த வைத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

உடம்பில் எண்ணெய் இருந்தால் நடுவர் துடைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். கபடி ஆடுகிற எந்தப் பயலுக்கும் தெரிந்த விதி இது. ஆனால் மஞ்சணை பிரசாதம். அதைத் துடை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் எந்த நடுவருக்கு நெஞ்சுரம் இருக்கிறது? அன்று மஞ்சள் படிந்த உள்ளங்கையை நீட்டினேன். "மாடன் மஞ்சணைய எண்ணெய்ங்கியாலே? நாக்கு அழுவிப் போவும்" என்றார் நடுவர். சுடலைக்கண்ணு சிரித்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் மாடன் கோவில் திருவிழாவான கொடைக்குக் கமிட்டித் தலைவர். கொடையை ஒட்டி நடக்கிற போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு அவன்தான் நடுவர்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது என் மகள் தேன்மொழி கேட்டதுதான். அவளும் கபடிக்காரி. போன கொடையில் அவள் பாடப் போனபோது மைக்கில், "மாடனிடம் கை முறிபட்டவரின் மகள் வருகிறார்" என்றார்கள். கூட்டம் சிரித்ததில் அவள் கால் பின்னிப் பிடிபட்டாள். வீடியோவைப் பார்த்த அன்று சாப்பிடும்போது கேட்டாள்.

"எப்பா, நெசமாவே எண்ணெய்தானா? இல்ல, தோத்துட்டோம்னு சொல்லுதியளா?"

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஊர் நம்பாவிட்டால் போகட்டும். நான் பெற்றதுமா?

"கோவப்படாதிய. சுடலைக்கண்ணு ஆளுவட்ட கேட்டா சொல்ல மாட்டானுவ. நானே பாத்துக்கிடுதேன்" என்றாள். நான் திரும்பியே பார்க்கவில்லை.

இந்த வருஷக் கொடையில் பெண்கள் இறுதி ஆட்டத்தில் கூடங்குளம் பக்கத்து அணியோடு மோதல். ஆற்று மணல் கொட்டிய களம், சுற்றிலும் கயிறு. தேன்மொழி கோவிலிலிருந்து நேராக வந்து இறங்கினாள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மஞ்சள் மினுமினுத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மைக்குக்காரன், "மாடன் அருளோடு வருகிறார்" என்று கத்தினான். சுடலைக்கண்ணு விசில் ஊதினான்.

அவள் பாடிப் போனாள். எதிரணியில் இருவர் கணுக்காலைக் கவ்விப் பிடித்தார்கள். நல்ல பிடி, நானே சொல்வேன். ஒரு உதறல்தான். வழுக்கிக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டாள். அந்த இரண்டு பெண்களும் மணலில் உட்கார்ந்தபடி உள்ளங்கையைப் பார்த்தார்கள். மஞ்சள். என் கையும் அன்று அப்படித்தான் இருந்தது.

எதிரணித் தலைவி பாய்ந்து வந்தாள். "அண்ணாச்சி, காலெல்லாம் எண்ணெய்! தொடைக்கச் சொல்லுங்க!"

"மஞ்சணைட்டி இது" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"எண்ணெய் இல்லாம எப்படி வழுக்கும்? மோந்து பாருங்க அண்ணாச்சி!"

தேன்மொழி சுடலைக்கண்ணுவின் முன்னால் போய் நின்றாள். "பூசாரி கையால வாங்குனதுதான் அண்ணாச்சி. எண்ணெய்னா சொல்லுங்க, இங்கனயே தொடைக்கேன். மஞ்சணைன்னா அடுத்த பாட்டுக்குப் போறேன். உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

துடைக்காமல் ஆட மாட்டோம் என்று எதிரணிப் பெண்கள் களத்தை விட்டு வெளியேறி, கயிற்றுக்கு அப்பால் போய் நின்றுகொண்டார்கள். அவன் தோளிலிருந்த துண்டை எடுத்தான். கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அதை வைத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். மறுபடி தோளில் போடவும் இல்லை, அவளிடம் நீட்டவும் இல்லை. தேன்மொழி துண்டுக்காகக் கை நீட்டியபடி நின்றாள், என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் வலது கையால் கயிற்றைப் பிடித்தேன். மூன்று விரல்கள் கயிற்றைச் சுற்றிக்கொண்டன, இரண்டு அவனை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். துண்டு அவன் கையில் தொங்கியது. வெயிலில் இளகிய எண்ணெய் தேன்மொழியின் கணுக்கால் வழியாக மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.