புண்ணியத்தில் வெந்த கை

விடியுமுன்பே அடுப்பு மூட்டிவிடுவோம். விறகு ஈரமாக இருந்தால் புகை கண்ணைப் பிடுங்கும். இலுப்பூர்க் கடைத்தெருவில் ஆத்மநாதன் பலகாரக் கடைக்குச் சேவு மணம்தான் அடையாளம். உள்ளே பதினோரு பேர் எண்ணெய்ச் சூட்டில் நின்றோம்.

ஆத்மநாதன் முறுக்குக் கூடையைத் தலையில் சுமந்து அன்னவாசல் சந்தைக்கு நடந்தவர். கடை நிமிர்ந்ததும் வெள்ளிக்கிழமைதோறும் ஏழைகளுக்குச் சோறு போட்டார். அன்று பலகார அடுப்பு எரியாது. அவரே வேட்டியை மடித்துக் கட்டி எங்களோடு சோறு வடிப்பார். கடைசிப் பந்தியில் எல்லோரும் சேர்ந்து உண்போம். அந்த வேலைக்கு நாங்கள் கூலி கேட்டதில்லை.

அவர் காலமானபின், மகன் ரத்தினவேல் வெள்ளிக்கிழமையும் பலகாரம் போடச் சொன்னார். தருமமும் நிற்கவில்லை. ஆனால் கஞ்சி வடிக்கச் சோற்றுத் தேக்சாவைச் சாய்க்க நால்வர் நின்ற இடத்தில் நானும் மாவு பிசையும் செவந்தியும் மட்டும் நின்றோம்.

ஐம்பத்தெட்டாம் வருசம், ஆடி மூன்றாம் வெள்ளி. என் பிடியிலிருந்த சாக்குத்துணி நழுவியது. கொதிகஞ்சி செவந்தியின் வலக்கையில் முழங்கைவரை கொட்டியது. அப்போதும் அவள் சோறு மண்ணில் சரியாமல் மூடியை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன்.

“கடை வேலையிலயா சுட்டுச்சு? தருமத்துல சுட்டுச்சு. கூலிக்கா வடிச்சீங்க, புண்ணியத்துக்குத்தானே?” என்றார்.

“புண்ணியத்துல வெந்த கைக்கு மருந்து எங்கிட்டு வாங்குறதுங்க?” என்றாள் செவந்தி.

அந்தக் கையோடு மாவு பிசைந்தால் யார் வாங்குவார்கள் என்று சொல்லி, வேறு ஆள் வைத்துவிட்டார்.

“அவருக்கு மோட்சம், நமக்குக் கொப்புளம். பங்கு சரியாத்தான் பிரிச்சிருக்காரு” என்றான் சேவு அடுப்பில் நிற்கும் சேவுகன்.

நாற்பது வயதில் எழுத்துக்கூட்டப் படித்தவன் நான். இரண்டு நாள் உட்கார்ந்து மனு எழுதினேன்: செவந்திக்கு வைத்தியம், ஆறியதும் அதே வேலை. எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். முதலாளி அதைப் பிரிக்காமலே எடைக்கல்லுக்கு அடியில் செருகினார்.

வெள்ளிக்கிழமை தருமச் சோற்று அடுப்புக்குப் போவதில்லை என்று முடிவாயிற்று. செவந்திதான் தடுத்தாள்.

“வர்றவுக என்ன பாவம் பண்ணாக? நம்ம சண்டைக்கு அவுக வயித்துல அடிக்கவா?”

அதனால் அடுத்த வெள்ளி, கடைக்கு எதிரே நாங்களே கல் வைத்து அடுப்புக் கூட்டினோம். பள்ளிவாசலில் தேக்சா இரவல் வாங்கினோம். எங்கள் வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒரு படி தானியம் என்று வந்தது. குறுணையும் வரகும் புழுங்கலும் கலந்தே வெந்தது. சாப்பிட வந்தவர்கள் தெரு நடுவில் தயங்கி நின்றார்கள். கடை வாசலில் முதலாளி, அப்பாவின் பெரிய கரண்டியோடு நின்றார்.

“யாரைக் கேட்டுத் தெருவுல அடுப்பு வச்சீங்க? நாளைக்கு ஒருத்தனும் உள்ள வர முடியாது.”

அதற்குள் சோறு குழைந்துகொண்டிருந்தது. இந்தமுறை என் சாக்குத்துணியைச் செவந்தி நனைத்து முறுக்கித் தந்தாள், இடக்கையால். நால்வர் பிடித்தோம். அது கடைத் தேக்சாவைவிடக் கனத்தது, அசையவில்லை.

வாரந்தோறும் சாப்பிட வரும் நொண்டிச் செல்லமுத்து கூட்டத்திலிருந்து வந்தார். கையிலிருந்த இலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார்.

“ம், சாயிங்கப்பா” என்றார்.