தரையில் கிடந்த கதவு

அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது குளியலறைக் கதவு கூடத்தின் நடுவே தரையில் கிடந்தது. கதவு இருந்த இடத்தில் ஒரு துணித்திரை தொங்கியது. 

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் போன் எடுக்கிறவள் அவள். மனைவிக்கு மூச்சு நின்றுவிட்டது என்று அன்று ஒருவர் கதறினார். நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்து, அவரோடு சேர்ந்து அவளும் எண்ணிக்கொண்டே இருந்தாள். வண்டி போய்ச் சேர்ந்ததும் இணைப்பு அறுந்தது. மூச்சு விடுவதற்குள் அடுத்த அழைப்பு. அந்த அம்மாள் பிழைத்தாரா இல்லையா, யாரும் வந்து சொல்லப்போவதில்லை. காது நிறைய அந்த மனிதரின் குரலோடுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

கணவன் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்கிறவன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகச் சுவரை இடிக்கச் சொல்வதால் வேலையாட்கள் அவனுக்கு வைத்த பெயர் சுத்தியல். ஊரார் வீட்டை இடிக்கிறவன் சொந்த வீட்டை மட்டும் விட்டுவைப்பானா? கூடம், சமையலறை, படுக்கும் இடம் எல்லாம் ஒரே வெளி. மிச்சமிருந்த ஒரே கதவும் இப்போது தரையில். நாளை கண்ணாடிக் கதவு வருகிறதாம், தள்ளினால் திறக்குமாம், தாழ்ப்பாளே தேவையில்லையாம். திரை போட்டதிலிருந்து உள்ளே போனால் பாட்டுப் பாடிக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது என்று சோபாவிலிருந்த மாமியார் நொந்துகொண்டார். சிரிக்க வேண்டிய பேச்சுதான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. தன் புது வீட்டின் உள்ளலங்கார வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று பார்க்க ஒரு பல் டாக்டரம்மா வந்திருந்தார். சுத்தியல் வாயெல்லாம் பல்லாக, அவரிடமே எண்ணிக் காட்டுகிற மாதிரி, வீட்டைச் சுற்றிக் காட்டினான்.

டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பினார். "வேலை முடிஞ்சு களைச்சு வந்தா நீங்க எங்க உக்காருவீங்க?"

பதில் கணவனிடமிருந்து வந்தது. ஜன்னலோர நாற்காலியாம். பெண்களின் மன அழுத்தம் குறைய என்றே தேடிப் படித்துத் தேர்ந்தெடுத்த நிறம், பக்கத்தில் செடி, கண்ணை உறுத்தாத விளக்கு. பொய்யில்லை, அவளுக்காகப் பார்த்துப் பார்த்துத்தான் செய்திருந்தான். ஆனால் அதில் உட்கார்ந்தால் வீடே அவள் முகத்தைப் பார்க்கும். உட்கார்ந்த மாத்திரத்தில் மாமியாருக்கு ஏதாவது வேண்டியிருக்கும். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அவன் கேட்பான். இப்போது தலையாட்டிவிட்டால் அவனுக்கு வேலை கிடைக்கும். நாளை கண்ணாடியும் வந்துவிடும். அப்புறம் காதில் நிற்கும் அந்தக் குரலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"பாத்ரூம்ல," என்றாள். "தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, கவுத்து வெச்ச வாளி மேல."

 டாக்டரம்மா தரையில் கிடந்த கதவைப் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சுத்தியலுக்கு முகம் கறுத்துவிட்டது. வந்தவர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள், இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் பேசுவது என்று பொரிந்து தள்ளினான்.  பொரிந்து ஓய்ந்த பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தினமும் அவ்வளவு நேரம் குழாய் ஓடுமே, அது?"

"நான் அழறது வெளிய கேக்கக் கூடாதுன்னு."

 அவன் குனிந்து கதவின் ஒரு முனையைத் தூக்கினான். ஒற்றை ஆளாய் முடியவில்லை. மறுமுனையை அவள் பிடித்தாள். அவள் தாங்கிப் பிடிக்க, அவன் கீலைப் பொருத்தித் திருகாணியை முடுக்கினான். முடித்ததும் அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். குழாயைத் திறக்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவும் தனக்காகவும் வாய்விட்டு அழுதாள்.

கதவுக்கு வெளியே அவன் நிற்பது தெரிந்தது.

"நான் இங்கயே நிக்கட்டுமா, போகட்டுமா?"

"போங்க. நானே வர்றேன்."

காலடிச் சத்தம் தள்ளிப் போனது. அங்கே என்னடா சத்தம் என்று மாமியார் எழுந்து வரப் பார்த்தார் போலிருக்கிறது. "நீ உக்காரும்மா, அவளா வரட்டும்," என்று அவன் சொல்வது கேட்டது.