நான்கு டிகிரி சரிவு

மலை ஏறும்போது என் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சமதளத்தில்தான் மரத்துப்போயின.

யாரிடம் சொன்னாலும் இதை மாற்றித்தான் காதில் வாங்கிக்கொண்டார்கள். "ஏத்தத்துலதானே?" என்பார்கள். இல்லை. மெதேவுக்கு ஏறும் சாலையில் ஒரு மணி நேரம் சைக்கிளை மிதித்து, நெஞ்சு வெடிக்கிற மாதிரி மூச்சு வாங்கும்போதும் பத்து விரலும் உயிரோடு இருந்தன. தல்கார் போகும் மேடுபள்ளமில்லாத நேர்ச்சாலையில் இருபது நிமிடம் போதும். இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதலில் கூசும், பிறகு அவை இருப்பதே தெரியாது. பாடுபடும் இடத்தில் சும்மா இருந்துவிட்டு, சும்மா போகும் இடத்தில் மக்கர் பண்ணும் இயந்திரத்தை நான் பார்த்ததில்லை.

இயந்திரங்கள் எனக்குக் கொஞ்சம் தெரியும். அல்மாத்தி நகரின் பழைய ஒன்பது மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது இருபத்திரண்டு வருடமாக என் வேலை. விரல் மரத்தால் பிழைப்பும் போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் செப்டம்பர்.

செப்டம்பரில் எங்கள் ஊரில் பெண்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஓட்டும் ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கும். நகர எல்லையிலிருந்து எசிக் வரை நாற்பது கிலோமீட்டர் ஏறக்குறைய சமதளம். அங்கிருந்து ஏரி வரை ஏற்றம். இருவரில் பின்னால் வருபவள் கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் நிற்கும். ஆகவே முன்னால் போகிறவள் தனியாகப் பறந்து பயனில்லை. காற்றை மறைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டு, மற்றவளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நானும் மர்ஜானும் ஆறு வருடம் அப்படி ஓட்டினோம். மூன்று முறை இரண்டாவதாக வந்தோம். இந்த வருடம் முதலில் வந்துவிடலாம் என்று நான் நினைத்தேன். அவளும் நினைத்தாள். யாரோடு என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

மர்ஜான் என் வயதுக்காரி, நாற்பத்தாறு. சமால் பக்கம் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் யோகா சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் வருபவர்களில் பாதிப்பேர் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். மணிக்கணக்கில் முதுகு வளைந்து, கழுத்து மட்டும் நிமிர்ந்து கிடந்துவிட்டு, இறங்கினால் தேநீருக்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாதவர்கள்.

ஏப்ரல் நடுவில் ஷிம்கெந்தில் என் தங்கைக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் கழியும்வரை கூட இருக்கப் போனேன். வீட்டில் குழாய் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்ததால் சைக்கிளை மர்ஜானின் சாமான் அறையில் விட்டேன். "கண்ணு மாதிரி பாத்துக்கறேன், நீ போடி" என்றாள்.

மே கடைசியில் திரும்பி வந்து, முதல் ஞாயிறே தல்கார் சாலையில் விரல் மரத்தது. மர்ஜான் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள்.

"இப்பத் தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"லேசா."

"நாப்பது நாள் ரெண்டு கையிலயும் ரெண்டு குட்டியத் தூக்கிட்டு அலைஞ்சா வேற என்னடி ஆகும்? தோளு கட்டையா இறுகிக் கெடக்கு. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் வா."

அந்த விளக்கம் எனக்குப் பிடித்தது. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு கழுத்தில் தொடங்கி, தோளைக் கடந்து, முழங்கையைச் சுற்றி, உள்ளங்கையின் ஓரமாக இறங்குகிறது. லிஃப்டில் மேலே இருக்கும் மின்கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஆள் ஏறும் கேபினுக்குத் தொங்கும் கேபிள் மாதிரி. கேபிள் எந்த மாடியில் நசுங்கினாலும் விளக்கு அணைவது கேபினில்தான். ஆகவே விரல் மரத்தால் தோளைப் பார்ப்பது முட்டாள்தனம் இல்லை.

முழங்காலில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, விரல்களை என் பக்கம் திருப்பி மெல்லப் பின்னால் சாய்வேன். மணிக்கட்டின் அடிப்புறம் விரிந்து கொடுக்கும். பிறகு கோமுகாசனம். ஒரு கை தோளுக்கு மேலாகவும் ஒரு கை இடுப்புப் பக்கமிருந்தும் போய் முதுகில் சந்திக்கவேண்டும். என் கைகள் சந்திக்காது. நடுவே ஒரு துண்டைப் பிடித்துக்கொள்வேன். கடைசியில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை நிமிர்த்துவது. வாரம் முழுக்க முன்பக்கமே மடங்கிக் கிடந்த முதுகு அப்போதுதான் எதிர்ப்பக்கம் திரும்பும். விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சுக்கு இடம் கிடைக்கும்.

பலன் இருந்தது. கழுத்து இளகியது, தோள்பட்டை வலி போயிற்று. சனிக்கிழமைக்குள் விரல்களில் உணர்வு முழுதாகத் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை இருபதாவது நிமிடத்தில் மறுபடி மரத்துப்போகும்.

அந்த இருபது நிமிடம்தான் என்னைக் குடைந்தது. தோள் இறுக்கம் காரணமென்றால், தோள் இளக இளக அது இருபத்தைந்தாகவாவது நீண்டிருக்கவேண்டும். பத்து வாரத்தில் ஒரு நிமிடம்கூட நகரவில்லை. இருக்கையின் உயரம் மாறியிருக்குமோ என்று ஜூனிலேயே அளந்தேன். மிதிகட்டை அச்சிலிருந்து இருக்கையின் நடுப்பகுதி வரை, எப்போதும் இருந்த அதே அளவு.

ஜூலையில் மர்ஜான் சொன்னாள்: "ஒத்துக்கோ ஜவுரேஷ். வயசுன்னு ஒண்ணு இருக்கு."

"உனக்கும் எனக்கும் மூணு வாரம்தான்டி வித்தியாசம்."

"நான் தெனம் ஆசனம் போடறவ. நீ லிஃப்ட் குழிக்குள்ள தலைய விட்டுட்டுக் கெடக்கறவ." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள பந்தயத்துக்குப் பேர் குடுக்கணும். அதுக்குள்ள சரியாகலைன்னா நீயே சொல்லிடு. என் வாயால உன்ன வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வராது."

அந்தக் கடைசி வார்த்தைக்காக நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் முதல் வெள்ளி. தலைகீழ் 'வி' மாதிரி, கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தி நிற்கும் ஆசனத்தில் என்னை நிறுத்திவிட்டு மர்ஜான் தொலைபேசியில் பேச வெளியே போனாள். பேச்சு நீண்டது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அறுபது, நூறு, இருநூறு. தோள் நடுங்கியது, நெற்றி வியர்த்தது; ஆனால் விரல்கள் பத்தும் தரையைத் தெளிவாக உணர்ந்துகொண்டிருந்தன. உடம்பின் பாரத்தில் கிட்டத்தட்ட பாதி உள்ளங்கையில்!

அப்போதுதான் கேள்வியே வேறு பக்கம் திரும்பியது. நரம்பு கெட்டிருந்தால் இங்கே முதல் நிமிடமே காட்டியிருக்கும். நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. சமதளத்தில் இருபது நிமிடம் விடாமல் என் கையில் பாரம் இறங்குகிறது, அவ்வளவுதான். சைக்கிளில் பாரத்தைத் தாங்கவேண்டியது இருக்கை. அது ஏன் தாங்கவில்லை?

மறுநாள் காலை ரசமட்டத்தை எடுத்தேன். லிஃப்டின் வழித்தண்டவாளங்களைச் சரிபார்க்க நாங்கள் வைத்திருப்பது. எங்கள் முற்றம் மழைநீர் வடிவதற்காகச் சரிவாகப் போடப்பட்டது. அங்கே எது மட்டம் என்று கண்ணுக்குத் தெரியாது. என் வீடு இருக்கும் ஆறாம் மாடியில் லிஃப்ட் வாசலில் தரை மட்டம். அதை நானே சோதித்திருக்கிறேன். சைக்கிளை அங்கே நிறுத்தினேன். இருக்கையின் மேற்பரப்பு வளைவானது என்பதால் அதன்மேல் நீளவாக்கில் ஒரு பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஓடிப்போய்ப் பின்முனையில் ஒட்டிக்கொண்டது. முப்பது சென்டிமீட்டர் பலகையில் முன்முனை இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஏறக்குறைய நான்கு டிகிரி.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு அழகான விடை. மெதேவுச் சாலை நூறு மீட்டருக்கு ஏழெட்டு மீட்டர் உயர்கிறது. அதுவும் நான்கு டிகிரிதான். ஏற்றத்தில் சாலையே சைக்கிளின் மூக்கை நான்கு டிகிரி தூக்கிவிடுவதால் இருக்கை மட்டமாகிவிடும்; நான் நன்றாக உட்கார்ந்திருப்பேன். சமதளத்துக்கு வந்தால் அதே இருக்கை சறுக்குப்பலகை. என்னை அறியாமலே முன்னால் வழுக்குவேன், கைகள் என்னைத் தடுத்துப் பிடிக்கும், உள்ளங்கையின் ஓரத்தில் நரம்பு நசுங்கும். உயரத்தை நான் இருக்கையின் நடுவில் அளந்தேன். சாய்வது நடுப்புள்ளியைச் சுற்றித்தான் என்பதால் அளவு மாறவே இல்லை.

இருக்கையின் அடியில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு போல்ட்கள். பின்னதைத் தளர்த்தி முன்னதை முடுக்கினால் இருக்கையின் மூக்கு இறங்கும். தானாகச் சரிந்ததென்றால் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கவேண்டும். இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. இதையும் கவனித்தேன். கவனித்துவிட்டு மேலே யோசிக்காமல், ரசமட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மர்ஜான் வீட்டுக்கு ஓடினேன். இப்படி ஒரு விடை கிடைத்தால் அவளிடம்தான் சொல்வேன். வேறு யாரிடம் சொல்வேன்?

மர்ஜான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரில் இன்கார். வசந்தத்தில், நான் ஷிம்கெந்தில் இருந்தபோது, எங்கள் சைக்கிள் குழுவுக்கு வந்த பெண், இருபத்துநாலு வயது, பல் மருத்துவரிடம் உதவியாளர். விரல் மரத்ததிலிருந்து நான் குழுவோடு ஓட்டாததால் அவளோடு அதிகம் பழக்கமில்லை. நான் உட்காரக்கூட இல்லை. ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்து, ரொட்டித்துண்டை அதன்மேல் வைத்து, அது வழுக்குவதைக் காட்டி, ஏப்ரலில் சாமான் அறையில் விட்டுப்போன என் வண்டியின் இருக்கை மூக்கு இறங்கியிருப்பதுவரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினேன்.

இன்கார் கை தட்டினாள். "ஐயோ அக்கா, அது எனக்காகப் பண்ணினது! ஏத்தத்துல பின்னாடி வழுக்குதுன்னு சொன்னேன், மர்ஜான் அக்காதான் மூக்கை எறக்கி விட்டாங்க. அதுக்கப்புறம் மெதேவுக்கு எனக்கு நாலு நிமிஷம் கொறஞ்சிடுச்சு. அந்த வெள்ளை வண்டி உங்களோடதா? அக்காவோட பழைய வண்டின்னு…"

இன்கார் மர்ஜானைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்கார், போய் கோப்பையக் கழுவு" என்றாள் மர்ஜான்.

"கழுவிதான் இருக்கு."

நான் மர்ஜானைப் பார்த்தேன். அவள் தேநீர்க் கெண்டியைப் பார்த்தாள்.

"நீ ஊர்ல இல்ல. வண்டி சும்மாதான் நின்னுச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அதைக் கேக்கல நான்."

"பழையபடி திருப்பி வைக்க மறந்துட்டேன்டி."

"மே மாசம் மறந்த, சரி. ஜூன்ல என் விரலப் புடிச்சுப் பாத்தியே, அப்ப?"

மர்ஜான் கெண்டியின் மூடியைத் திறந்து மறுபடி மூடினாள்.

"அப்ப ஞாபகம் வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு." குரல் இறங்கியது. "சொன்னா யாருக்காக எறக்கினேன்னு கேப்ப. எதுக்குன்னு கேப்ப."

"கேட்டிருப்பேன்."

"மூணு தடவ ரெண்டாவதா வந்தாச்சு ஜவுரேஷ். ஒரு தடவயாவது நான் முதல்ல வரணும்."

"அதை ஏப்ரல்லயே சொல்லியிருந்தா ஒரு வாரம் அழுதிருப்பேன். அப்புறம் எசிக்ல வந்து நின்னு ரெண்டு பேருக்கும் தண்ணி குடுத்திருப்பேன்." எனக்கு இன்னொன்று தோன்றியது. "பேர் குடுத்தாச்சா?"

மர்ஜான் வாயைத் திறப்பதற்குள் இன்கார், "ஜூன்லயே குடுத்துட்டமே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க அக்கா. நீங்களே வேண்டாம்னுட்டீங்கன்னு…" என்றாள்.

ஆக, ஆகஸ்ட் பதினைந்து என்ற நாள் எனக்காக மட்டும் வைக்கப்பட்டது. நானே வந்து, என் விரல்களைக் காட்டி, என்னால் முடியாது மன்னித்துக்கொள் என்று சொல்லவேண்டும். அவள் என்னைத் தேற்றவேண்டும். அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

பந்தயம் போனதை என்னால் தாங்க முடிந்தது. பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து "இப்பத் தெரியுதா?" என்று கேட்டாளே, அதைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த ஆசனங்களில் பொய் இல்லை. தோளையும் கழுத்தையும் அவள் அக்கறையோடுதான் இளக்கினாள். போல்ட் திருகும் சாவியை அரைச் சுற்று திருப்பினால் தீரும் வலியை விட்டுவைத்துக்கொண்டு, அதற்கு மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தாள். வயதாகிவிட்டதென்று என்னை நம்பவைத்தாள். கண்ணாடி முன் நின்று என் கைகளைக் கிழவியின் கைகளாக நான் பார்த்த நாட்கள் உண்டு.

இன்கார் எழுந்தாள். "நான் வெலகிக்கறேன் அக்கா. நீங்க ரெண்டு பேருமே போங்க."

"வேண்டாம்மா. நீ நல்லா ஏறற. ஆனா எசிக் வரைக்கும் நாப்பது கிலோமீட்டர் சமதளம் இருக்கு. ரெண்டு டிகிரிக்கு மேல எறக்காத, உன் விரலும் போயிடும்."

மர்ஜான் வாசல்வரை வந்தாள். "ஆசனத்த விட்டுடாதடி. அது நெசமாவே உனக்கு நல்லது."

"தெரியும்" என்றேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மத்தியானம் ஆறாம் மாடி வாசலில் முன் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன், பின் போல்ட்டை அதே அளவு முடுக்கினேன். குமிழி நடுவுக்கு வரும்வரை மாற்றி மாற்றிச் செய்து, இரண்டையும் இறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை கப்ஷகாய் சாலையில் தனியாகப் போனேன். எழுபது கிலோமீட்டர், உள்ளங்கையை விரித்தாற்போல் சமதளம். காற்றை மறைக்க முன்னால் யாரும் இல்லாததால் வழக்கத்தைவிட மெதுவாகப் போனேன். இருபதாவது நிமிடம் கடந்தது, நாற்பதாவதும் கடந்தது. வீட்டுக்கு வந்ததும் கம்பளத்தில் பத்து நிமிடம் மணிக்கட்டுக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என மூன்று ஆசனங்களைத் தனியாகச் செய்தேன்.

இருக்கை மட்டமாக இருந்தால் உடம்பின் பாரம் இடுப்பெலும்பில் நிற்கிறது. கை வெறுமனே பிடித்துக்கொண்டால் போதும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கவில்லை.