வெளியே போனவனுக்கு ஒரு குடை

துப்பறியும் தொடர்கதை எழுதுகிறவனுக்கே கொலைகாரன் யாரென்று தெரியாமல் போவது, சமையல்காரன் விருந்தாளியிடம் உப்பு எங்கே என்று கேட்பது மாதிரி. நான் கேட்டேன். வாரப் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து, "சார், யார் கொன்னிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றேன்.

அவர், "தம்பி, மேசையை விட்டு எந்திரிங்க. வெளிய போய் நடங்க. கற்பனைக்குக் காத்து வேணும்" என்றார்.

சிக்கல் இதுதான். உள்ளே தாழிட்ட முதல் மாடி வீடு. மருமகன் குத்துப்பட்டுக் கிடக்கிறார். வீட்டார் எல்லாரையும் சோதித்தாயிற்று, ஜன்னலுக்குக் கீழேயும் தேடியாயிற்று, கத்தியைக் காணோம். எங்கே போனது என்று யோசிக்காமலே அதைக் காணாமல் அடித்திருந்தேன். செத்தவருக்கு அக்கா புருஷனின் மீசையை வைத்திருந்தேன். மாமா தொடரை விடாமல் படிக்கிறார், இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் வீடும் முதல் மாடிதான். என் மேசை துணி துவைக்கும் மெஷினுக்கும் தெரு ஜன்னலுக்கும் நடுவே கிடக்கிறது. ஜன்னலோரக் கொக்கியில் அம்மாவின் காய்கறிப் பை தொங்கும். என் கீபோர்டு, மூடிப்போன ஏதோ ஆபீஸிலிருந்து வந்த கிழட்டுச் சரக்கு. தட்டினால் எதிர் பஸ் நிறுத்தம்வரை கேட்கும்.

ஆசிரியர் சொன்னபடி நடந்தேன். சலவைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சட்டைகள் வரிசையாக ஊர்ந்து போனதைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது: என் கதை இன்ஸ்பெக்டர் போட்டிருப்பது செத்தவரின் சட்டை! ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

கதவைத் திறந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எப்படா வெளிய போன? இப்பத்தானே காபி குடுத்தேன்."

மேசையில் காலி டம்ளர் இருந்தது. நாற்காலி சூடாக இருந்தது. திரையில் இன்ஸ்பெக்டர், செத்தவரின் சட்டையில். நான் நினைத்த அதே வாக்கியம். காற்புள்ளிகூட சரியான இடத்தில். நான் காற்புள்ளியைச் சாப்பாட்டில் மிளகுத்தூள் மாதிரி கண்ட இடத்தில் தூவுகிறவன்.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். டயர் கடை முன்னால் நின்று, இன்ஸ்பெக்டருக்குப் பூனை என்றால் தும்மல் வரும் என்று வேண்டுமென்றே நினைத்தேன். வீடு திரும்பியபோது திரையில் அவர் தும்மிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குத்தான்டா ஒழுங்கா உக்காந்து எழுதியிருக்க" என்றாள் அம்மா பூரிப்போடு. "குளிச்ச துண்டைக்கூட மடிச்சு வச்சிருக்க."

நான் பிறந்ததிலிருந்து துண்டு மடித்தவன் இல்லை. அதுவரை ஆச்சரியமாக இருந்தது. அந்தத் துண்டைத் தொட மட்டும் மனம் வரவில்லை.

"அம்மா, அது நான் இல்ல. நான் வெளிய இருந்தேன்."

அம்மா பருப்பு டப்பாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "தெரியும். நீ அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் வந்து உக்காருறான். அச்சு அசல் நீதான். ஆனா சொன்ன பேச்சு கேக்குறான்."

"யாரும்மா அவன்?"

"உன்னை மாதிரி இருக்கிறவன் யாருன்னு என்னைக் கேட்டா?"

"நல்ல பையன் மச்சான்" என்றார் மாமா, பத்திரிகையிலிருந்து மீசையை நிமிர்த்தி. "சீட்டு ஆடுறான். தோத்தா சத்தமே போடுறதில்ல."

அடுத்த நாள் எழுந்திருப்பதில்லை என்ற முடிவோடு நாற்காலியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. சோப்பு வாங்கிவரச் சொல்லி அம்மா அனுப்பினாள். சோப்போடு திரும்பினால், கதவு சங்கிலி போட்ட அளவுக்குத்தான் திறந்தது. அந்த இடுக்கில் அக்கா.

"சோப்பைக் குடு. கத்தி இன்னும் கிடைக்கலையாம்டா. இன்னும் கொஞ்சம் சுத்து."

"கதை முடிஞ்சா உள்ள விடுவீங்களா?"

"ஆசிரியர் அடுத்த தொடரும் கேட்டிருக்காரு" என்றாள் பெருமையாக.

அவள் தோளுக்கு மேலாக என் சட்டை தெரிந்தது. அதற்கு மேலே ஒரு பின்மண்டை. என் உச்சிச் சுழியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. வலப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அவன் திரும்பவில்லை. திரும்பிவிடக் கூடாதே என்றுதான் எனக்கும் இருந்தது.

எதிர் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். மேலே லொடலொடவென்று சத்தம். எனக்கு ஏதாவது தோன்றினால் தட்டினான், நான் கொட்டாவி விட்டால் நிறுத்தினான். விஷயம் புரிந்தது. அவனிடம் நாற்காலி இருக்கிறது, சரக்கு என்னிடம். சரக்கு வராவிட்டால் நாற்காலியை விட்டுத்தானே ஆகவேண்டும்?

வேலைநிறுத்தம் செய்தேன். மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு அன்றுதான் கைகொடுத்தது. கண்ணைத் திறந்தபடி, எதையுமே நினைக்காமல் உட்கார்ந்திருந்தேன். சத்தம் தடுமாறியது. நின்றது. தெருவே காது அடைத்தது போலானது.

ஜன்னலில் அக்காவின் தலை. "டேய், நின்னுபோச்சுடா! எந்திரிச்சு நட!"

"நாற்காலியைக் குடு, நடக்குறேன்!"

"முரண்டு பிடிக்காதடா. சும்மா உக்காந்திருக்கான், பாக்கவே பாவமா இருக்கு."

"நான்?"

அக்காவை விலக்கிக்கொண்டு அம்மா எட்டிப் பார்த்தாள். முதலில் என்னை, பிறகு வானத்தை. உள்ளே போனாள். சங்கிலி கழற்றும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். பாசம் என்று ஒன்று இருக்கிறதே.

ஜன்னல் வழியே காய்கறிப் பை இறங்கியது. காய்காரர் வந்தால் அம்மா படியிறங்க மாட்டாள். அந்தப் பையைக் கயிற்றில் கட்டி இறக்குவாள், அவர் எடுப்பதை எடுத்து வைப்பதை வைப்பார். தெருவைக் கடந்து போய்ப் பார்த்தேன். உள்ளே என் குடை. குடைக்கு அடியில் ஒரு துண்டு, மடிப்புக் கலையாமல்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா, பள்ளிக்கு அனுப்பும்போது பேசிய அதே குரலில். "நனையாம நடக்கணும், என் கண்ணுல்ல."

இரண்டையும் எடுத்துக்கொண்டேன். பை மேலே ஏறியது. எத்தனை நாள் இறங்கி ஏறிய பை. தெருவில் ஒருவர்கூட அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. வீட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் அதில்...

வேண்டாம் என்று பல்லைக் கடித்தேன். அம்மா மேலே நின்று கயிற்றை முழங்கையில் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கத்தியைக் காய்காரருக்கு இறக்கிவிட்டவள் கதையில் வரும் அந்த வீட்டு அம்மா.

நினைத்துவிட்டேன்.

மேலே லொடலொடவென்று ஆரம்பித்தது. ஜன்னலைச் சாத்தினார்கள். முதல் தூறல் விழுந்தது. குடையை விரித்து நடந்தேன். தெருமுனைவரை சத்தம் கூடவே வந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் சின்னதாக ஒரு தட்டு. காற்புள்ளியாக இருக்கும்.