ஓடைக்கரையில் ஒரு பாடம்

சாயப்பட்டறை முதலாளியையும் மேலாளர்களையும் ஓடைக்கரையில் உட்கார வைத்தால் புத்தி வரும் என்று நம்பினாள் சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்கிற பயிற்சியாளர். அறைக்குள் படம் போட்டுக் காட்டினால் கொட்டாவி விடுகிறவர்கள், தங்கள் கழிவு நாறுவதை நேரில் பார்த்தால் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குச் சம்மதிப்பார்கள் என்று மனக்கோட்டை கட்டியிருந்தாள். பட்டறைக்குக் கீழே, ஓடை வளைகிற இடத்தில்தான் அவளுடைய அக்கா குடும்பம் இருக்கிறது.

வந்து பார்த்தால் தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. நம் ஓடைக்கு என்ன குறைச்சல், இயந்திரம் எதற்கு என்றார் முதலாளி. மேலாளர்கள் தலையாட்டினார்கள், அதற்குத்தானே சம்பளம்.

சூப்பர்வைசர் அவளைத் தனியே அழைத்துப் பெருமையாகச் சொன்னார். வகுப்பு நடக்கப்போகிறது என்று தெரிந்ததுமே மதகை அடைத்துக் கழிவைத் தொட்டியில் தேக்கிவிட்டாராம். விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குவதில்லையா என்று கேட்டார். தொட்டி நிரம்பிவிட்டது, முதலாளியின் வண்டி கிளம்பியதும் மொத்தமாகத் திறந்துவிடுவாராம்.

அவள் உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி தெளிஞ்சிருக்குடி," என்று சிரித்தாள் அக்கா. "பசங்க எல்லாம் எங்கெங்கயோ எறங்கிக் குளிக்கிறாங்க."

"கரையேத்துக்கா. ஓடு."

முதலாளியிடம் சொன்னாள். அதெல்லாம் சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார் என்று தட்டிக்கழித்தார். மதகு மூடியே இருந்தால் பட்டறை நின்றுவிடும், என் பிழைப்பு போய்விடும் என்று கையை விரித்தார் சூப்பர்வைசர். இவர்கள் இருக்கும்வரை மதகு திறக்காது என்ற ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். கண்ணை மூடி இலைச் சத்தம் கேளுங்கள் என்றாள். செருப்பைக் கழற்றி மண்ணை மிதியுங்கள் என்றாள். ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடியுங்கள் என்றாள். ஒருவர் மரத்தைப் பிடித்தபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரொம்ப அருமைம்மா," என்று எழுந்தார் முதலாளி. "வருஷா வருஷம் இதே மாதிரி ஒரு நாள் வெச்சுக்கலாம்."

வண்டி கிளம்பியது. அவள் ஓடிப்போய் மதகுக்கு நேர் கீழே, கால்வாய்க்குள் இறங்கி நின்றாள். சூப்பர்வைசர் மதகுச் சக்கரத்தில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"மேல வாங்கம்மா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

"கீழ இருக்கறதும் பிள்ளைங்கதான். தொறக்கணும்னா என் மேல தொறங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கை சக்கரத்தை விட்டு இறங்கியது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் தொட்டி விளிம்பு தாண்டி வழியத் தொடங்கியது. அதற்கு யாருடைய கையும் தேவைப்படவில்லை. கருஞ்சிவப்புத் தண்ணீர் அவள் தோளில் விழுந்து, காலைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போனது. இரு கைகளாலும் அதை அணைத்து நிறுத்தப் பார்த்தாள்.

இடுப்பில் போன் அடித்தது.

"பெரியவன் வந்துட்டான்டி," என்றாள் அக்கா மூச்சிரைக்க. "சின்னவனத்தான் காணோம்."