அப்பாவை எழுப்பக்கூடாது

ஹெர்பர்ட்டுக்கு ஒரே ஓர் ஆசை. கேட்டால் சிரிப்பீர்கள். அவனுடைய நாலரை வயது மகள் ஸ்னேஹா, எதையாவது பார்த்துவிட்டு, "ப்பா, இங்க பாரு" என்று ஒரு தடவை தன்னைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். வீட்டில் பல்லி ஓடினாலும், பால் பொங்கினாலும், மழை வந்தாலும் அவள் வாயில் வருவது "ம்மா, இங்க பாரு"தான். அப்பன் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாலும் அவனைத் தாண்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடுவாள்.

குழந்தையைக் குறை சொல்லி என்ன பயன்? வீடு தங்கவயலில், வேலை பெங்களூரில் என்று இருக்கிறவனை அவள் எப்போது பார்ப்பது? தொம்மலூரில் ஓர் ஆபீஸ் கட்டடத்தின் ஏ.சி. மெஷின்களை ஹெர்பர்ட் கவனித்துக்கொள்கிறான். விடியுமுன் ரயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். கிளம்பும்போதும் அவள் தூங்குவாள், திரும்பும்போதும் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பான், ஆனால் சர்ச்சுக்குப் போய்வந்து, ஒரு கட்டுக் கட்டிவிட்டுப் பாயில் சாய்ந்தால் அடித்துப் போட்ட மாதிரி கிடப்பான். "அப்பா தூங்குறாரு, எழுப்பக்கூடாது" என்பது அவன் மனைவி சிந்தியா அந்த வீட்டில் போட்ட சட்டம். பாவம், நல்ல மனதோடு போட்டதுதான். ஸ்னேஹா நடக்கப் பழகியதே அந்தப் பாயைச் சுற்றி, சத்தம் போடாமல்தான்.

தங்கவயல் சீசன் டிக்கெட்காரர்களின் தூக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது மற்றவர்களின் தூக்கம் போல அல்ல. பலகையில் முதுகு பட்டு, சக்கரம் நாலு உருட்டு உருண்டால் போதும், கண் தானாக மூடிக்கொள்ளும். ஹெர்பர்ட்டின் சிநேகிதன் தனக்கோடி கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே குறட்டை விடுவான். தூங்குகிறவனை அவனுடைய ஸ்டேஷன் வரும்வரை யாரும் தொடமாட்டார்கள். வந்ததும் பக்கத்தில் இருப்பவன் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டுவான். ஒன்பது வருஷமாக ஹெர்பர்ட்டின் உடம்பு இந்த ஒழுங்கில்தான் ஓடுகிறது.

சிந்தியா நர்சரி டீச்சர். போன ஞாயிறு அவளுக்குக் கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு ட்ரெயினிங் வந்தது, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. "இவள எங்கம்மா வீட்ல விட்டுட்டுப் போறேன்" என்றாள். "எதுக்கு? நான் கூட்டிட்டு வரேன், கப்பன் பார்க் சுத்திக் காட்டறேன்" என்றான் ஹெர்பர்ட். ஆறு மணிநேரம்! அம்மா இல்லாத ஆறு மணிநேரம். ஓடுவதற்குச் சமையலறை இல்லை. இங்க பாரு என்று அவள் சொல்ல வேண்டுமானால் அவனிடம்தான் சொல்லியாக வேண்டும்.

"ரயில்ல உக்காந்தா நீங்க அம்பேல்" என்று சிந்தியா கேலி செய்தாள்.

"உக்காந்தாத்தானே?" என்றான். சொன்னபடியே பங்காருப்பேட்டையிலிருந்து கன்டோன்மென்ட் வரை, காலி சீட்டு இருந்தும், நின்றுகொண்டே வந்தான். ஞாயிற்றுக்கிழமை இப்படி நிற்கிற மனிதனைப் பார்த்து ஒருவர் காலி சீட்டைக் காட்டி உட்காரக்கூடச் சொன்னார். இவன் வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டான்.

சிந்தியாவை ட்ரெயினிங்கில் விட்டுவிட்டு, அப்பனும் மகளும் ஆட்டோ பிடித்துப் பார்க்குக்குப் போனார்கள். முதல் ஒரு மணிநேரம் "அம்மா எப்ப வருவா?" என்பதைத் தவிர ஸ்னேஹா வேறொன்றும் பேசவில்லை. அணில் காட்டினான், பார்த்தாள். மூங்கில் புதரைக் காட்டினான், அதையும் பார்த்தாள். மாங்காய்த் துண்டில் மிளகாய்ப்பொடி போடாமல் வாங்கித் தந்தான், தின்றாள். ஹெட்மாஸ்டர் கூடப் போகிற பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாளே தவிர, தானாக ஒன்றையும் சுட்டிக்காட்டவில்லை. ஹெர்பர்ட்டுக்கு அழுகையாகக்கூட வந்தது. சொந்தப் பிள்ளையிடம் இப்படிச் சிநேகம் பிடிக்க அலைகிறோமே என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

குழந்தைகளுக்கான குட்டி ரயிலைப் பார்த்ததும்தான் அவள் முகம் மாறியது. கையை உதறிக்கொண்டு ஓடினாள். வரிசையில் நிற்கும்போது அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "இது நெஜமாவே போகுமா?" என்று கேட்டாள். ஹெர்பர்ட் வானத்தில் மிதந்தான். அவளை ஓரத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தான். விசில் ஊதியது. சக்கரம் உருண்டது. மரநிழல் முகத்தில் விட்டுவிட்டுப் பட்டது.

அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

கண் விழித்தபோது ரயில் நின்றிருந்தது, எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்னேஹா அவன் முழங்கையருகே கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின் பெட்டியிலிருந்து இறங்கிய ஒரு பெண், தன் இரண்டு பையன்களோடு வந்தவள், நின்று சிரித்தாள்.

"பொண்ணு ரொம்ப சமத்துங்க. உள்ள ஒரு சுரங்கம் வந்துச்சே, என் பசங்க ஓன்னு கத்துனானுங்க. உங்க பொண்ணு திரும்பி, 'உஸ்ஸ்... எங்கப்பா தூங்குறாரு'ன்னு அதட்டிட்டா."

"அப்படியா?" என்றான் ஹெர்பர்ட்.

"அதுக்கு முன்னாடி இவளேதான் 'ப்பா, இங்க பாரு, இங்க பாரு'ன்னு குதிச்சா. அப்புறம் உங்க மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டு, தன் வாயத் தானே பொத்திக்கிட்டா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எத்தனை நாளாக ஹெர்பர்ட் காத்திருந்த வார்த்தை! வந்திருக்கிறது, ஒன்றுக்கு இரண்டு தடவை. இவன் பக்கத்தில் மரக்கட்டையாகக் கிடந்திருக்கிறான். சீசன் டிக்கெட்காரனின் உடம்பு, ரயில் எது, பொம்மை எது என்றுகூடப் பார்க்காமல் அவனைக் கவிழ்த்துவிட்டது. தன் தலையில் தானே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"வா கண்ணு, இன்னொரு தடவ போலாம்."

"வேணாம். நான் பாத்துட்டேன்."

விடுவானா? மறுபடி வரிசையில் நின்று, மறுபடி ஏறி, தொடையைக் கிள்ளிக்கொண்டே கண்ணை உருட்டி உட்கார்ந்தான். சுரங்கம் வந்தது. "இங்க என்ன பாத்த? அப்பாவுக்குக் காட்டு" என்றான். "அது அப்ப இருந்துச்சு, இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்னேஹா தன் செருப்பு வாரைச் சரிசெய்தாள். அப்புறம் பெரிய மனுஷி மாதிரி அவன் கையைத் தட்டிக்கொடுத்து, "தூக்கம் வந்தா தூங்குப்பா, நான் எழுப்பமாட்டேன்" என்றாள்.

நாலரை மணிக்குப் பார்க் வாசலில் சிந்தியா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அதுவரை அடக்கிவைத்திருந்ததையெல்லாம் ஸ்னேஹா அவள்மேல் கொட்டினாள். சுரங்கத்துக்குள்ளே நாய் ஒன்று குட்டிகளோடு படுத்திருந்ததாம். மூன்று குட்டிகளாம். ஒன்று வெள்ளையாம், அது மட்டும் எழுந்து ரயிலைப் பார்த்துக் கொட்டாவி விட்டதாம். ஹெர்பர்ட் மூன்றாம் மனிதன் போல ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா பாத்தாரா?" என்று சிந்தியா கேட்டாள்.

"அப்பா தூங்குனாரு. நான் எழுப்பவே இல்ல, தெரியுமா?"

"சமத்து" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள் சிந்தியா. சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள், செய்யவில்லை.

ஹெர்பர்ட் நடைபாதையிலேயே குந்தினான். மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "இனிமே அப்பா தூங்குனா எழுப்பு கண்ணு. நாய்க்குட்டி பாத்தா எழுப்பு. எது பாத்தாலும் எழுப்பு. அப்பா திட்டமாட்டேன்."

ஸ்னேஹா அம்மாவைப் பார்த்தாள். சட்டம் போட்டவள் சம்மதிக்க வேண்டாமா? சிந்தியா தலையாட்டினாள்.

"எப்பவுமா?"

"எப்பவும்."

"நாளைக்கும் எழுப்பட்டுமா?"

நாளைக்குத் திங்கட்கிழமை. அவள் கண் விழிக்கும்போது அவன் ரயிலில் தனக்கோடியின் தோளில் சாய்ந்தபடி ஒயிட்ஃபீல்டைத் தாண்டியிருப்பான். ஹெர்பர்ட் அதை அவளிடம் சொல்லவில்லை. "எழுப்பு" என்றான்.

ஸ்னேஹா கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிந்தியாவின் துப்பட்டாவை இழுத்தாள். "ம்மா, நாளைக்கு நான் அப்பாவ எழுப்பணும். நீ மொதல்ல என்னைய எழுப்பி விடு."

"நாலு மணிக்கு எழுந்திருக்கணும்டி செல்லம்" என்றாள் சிந்தியா.

"அப்ப விடிஞ்சிருக்குமா?"

"விடிஞ்சிருக்காது" என்றான் ஹெர்பர்ட்.

"பரவால்ல" என்றாள் ஸ்னேஹா.